வீட்டுக்குள் வாடும் சாடிக் கன்றுகளை வன்னியில் வெளியே வைத்துத் தேற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு அழகு என்று வாங்கி வந்து வரவேற்பறையின் மூலையிலும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலும் வைத்த கன்றுகள் மூன்று நான்கு மாதங்களில் இலை உதிர்த்து, மெலிந்து, நிறம் மங்கிப் போகின்றன. அவற்றையே வெளியே எடுத்து மர நிழலில் வைத்தால் புதுத் தளிர் விடுகின்றன. வன்னியில் பல வீடுகளில் இது நடக்கிறது. கிளிநொச்சியில் என் வளவிலுள்ள சாடிகளைப் பார்க்க வரும் அயலவர்களும், வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருந்து தொலைபேசியில் விசாரிக்கும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், செய்து பார்த்துச் சரியென்று கண்ட விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்குள் கவனமாகப் பார்த்தும் தேறாத கன்று, வெளியே வைத்ததும் ஏன் தேறுகிறது?

முதற் காரணம் ஒளி. நமது கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னை விரைவாகப் பழக்கிக்கொள்வதால், அறைக்குள் போதிய வெளிச்சம் இருப்பதாகவே நமக்குத் தோன்றும். அளந்து பார்த்தால் நிலைமை வேறு. நண்பகலில் திறந்த முற்றத்தின் வெயில் ஏறக்குறைய 100,000 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) இருக்கும். மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். யன்னலிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் உள்ளே போனாலோ சில நூறு லக்ஸே எஞ்சும். வெயிலுக்கும் சாரலுக்கும் பயந்து தாழ்வாரத்தை நீட்டி, யன்னலுக்குத் திரையும் போட்டிருக்கும் நமது வீடுகளில் அதிலும் குறையும். அந்த ஒளியில் இலை செய்யும் உணவு, கன்று சுவாசித்துச் செலவழிக்கும் உணவுக்கே பற்றாது. ஆகவே அது முன்பு சேர்த்து வைத்ததைத் தின்று நாட்களைக் கடத்துகிறது. பசியில் இருக்கும் ஒன்றை நாம் நோயாளி என்று நினைத்து மருந்து தேடுகிறோம்.

இரண்டாவது காரணம் தண்ணீர். ஒளி குறைந்தால் ஆவியுயிர்ப்பும், அதாவது இலை நீரை ஆவியாக விடுவதும், குறையும். வேர் தண்ணீரை இழுப்பதும் குறையும். ஆனால் நாம் வாடிய இலையைப் பார்த்து இரக்கப்பட்டு இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறோம். சாடி மண் ஈரத்திலேயே கிடந்து, காற்று புகாமல் வேர் அழுகத் தொடங்குகிறது. வெளியே காற்றோட்டத்தில் அந்த மண் காய்ந்து, வேர் மீண்டும் மூச்சு விடுகிறது. மழை வேறு இலையில் படிந்த புழுதியைக் கழுவிவிடும். ஏ9 வீதியோர வீடுகளில் இந்தப் புழுதி சிறிய விடயமன்று. விரலால் இலையைத் துடைத்துப் பார்த்தால் தெரியும்.

ஒளிக் குறைவுதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

தண்டு நீண்டு, கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடி, புது இலை பழைய இலையைவிடச் சிறிதாக வந்து, கன்று முழுவதும் யன்னல் பக்கம் சாய்ந்திருந்தால் ஐயப்பட வேண்டியதில்லை. குரோட்டன் தன் சிவப்பையும் மஞ்சளையும் இழந்து வெறும் பச்சையாகிவிடும். மணி பிளான்ட் இலைகளின் மஞ்சள் வரிகள் மறையும். கன்று இருக்கும் இடத்தில் நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு மேல் ஒரு முழ உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்களின் நிழல் பிரிந்து தெரிந்தால் அந்த இடத்தில் பல கன்றுகள் வாழும். மங்கலான ஒரு கறைதான் தெரிகிறதென்றால், நிழல் தாங்கும் கன்றும் அங்கே உயிர் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர வளராது.

அப்படியானால் இன்றே வெயிலில் வைத்துவிடலாமா?

கூடாது. இதை நான் இழப்போடு கற்றேன். ஒரே நாளில் வாங்கிய இரண்டு அரிக்கா பாம் கன்றுகள் என் வரவேற்பறையில் நின்று இரண்டும் ஒன்றுபோலவே மெலிந்தன. ஒன்றை விறாந்தையில் சில நாள் வைத்து, பிறகு மாமரத்தின் கீழ் கொண்டுபோனேன். மற்றதை, வெயில் பட்டால் விரைவாகத் தேறும் என்று எண்ணி, வைகாசி மாதத்தில் படலைக்கு அருகே சீமெந்துத் தரையில் வைத்தேன். மூன்றாம் நாள் அதன் ஓலைகள் கடதாசிபோல் வெளுத்து, ஒரு வாரத்துக்குள் பழுப்பாகிக் கருகின. குருத்தும் காய்ந்தது. மாமரத்தடிக் கன்று இன்றும் நிற்கிறது. அடியில் நான்கு புது முளைகள் விட்டிருக்கிறது.

நிழலில் முளைத்த இலை மெல்லியது. கிடைக்கும் சொற்ப ஒளியையும் தப்பவிடாமல் பிடிப்பதற்கென்றே அது அமைந்திருக்கும். அதன் மேலுள்ள மெழுகுப் படையும் மெல்லியதாகவே இருக்கும். திடீரென்று நூறு மடங்கு ஒளி விழும்போது, பிடித்த சக்தியைச் செலவழிக்க வழியில்லாமல் பச்சையமே சிதைந்து இலை வெளுக்கிறது. அப்படிக் கருகிய இடம் மீண்டும் பச்சையாகாது. வெயிலுக்கு ஏற்ற தடித்த இலையைக் கன்று புதிதாகத்தான் விடவேண்டும். அதற்குரிய அவகாசத்தைக் கொடுப்பது நமது பொறுப்பு.

எத்தனை நாட்களில், எந்த வரிசையில் மாற்ற வேண்டும்?

முதல் நான்கைந்து நாட்கள் விறாந்தையின் உட்பக்கம், அடுத்த நான்கைந்து நாட்கள் விறாந்தையின் விளிம்பு, அதன் பின் மர நிழல் என்று வைத்தால், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கன்று பழகிவிடும். வெயில் விரும்பும் கன்றானால் மூன்றாம் வாரத்திலிருந்து காலை வெயிலில் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் என்று கூட்டிக்கொண்டு போகலாம். வெயில் விரும்பாத கன்றை மர நிழலிலேயே விட்டுவிடலாம்; அதற்கு அதுவே போதும்.

நிழல் தரும் மரமும் எல்லாம் ஒன்றல்ல. வேம்பு சல்லடைபோல ஒளியை விட்டுத் தருவதால் சாடிகளுக்கு மிக நல்லது. ஆனால் மாசி, பங்குனியில் அது இலை கொட்டும்போது கீழே நிற்கும் கன்றுகள் திடீரென வெயிலில் அகப்பட்டுக்கொள்ளும். முதிர்ந்த மாமரத்தின் நிழல் அடர்த்தியானது. அதனால் அடிமரத்தோடு ஒட்டி வைக்காமல் கிளைகள் முடியும் ஓரத்தில் வையுங்கள். மாவில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தால் இடத்தை மாற்றுங்கள். சாறு உறிஞ்சும் பூச்சிகள் கசியவிடும் இனிப்பு நீருக்காக முசுறு அவற்றைக் காவல் காத்துப் பெருக்கிவிடும்.

வீட்டின் எந்தப் பக்கம் நல்லது?

கிழக்கு. காலை வெயில் மென்மையானது. ஆண்டு முழுவதும் கிடைக்கும். மேற்குப் பக்கம் பின்னேர வெயிலும், சூடேறிய சுவரும் சேர்ந்து கன்றை வாட்டும்.

வடக்கும் தெற்கும் பருவத்தோடு மாறுபவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிளிநொச்சி ஏறக்குறைய வடக்கு 9.4 பாகையில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அதன் பிறகு வடக்கே சாய்ந்து, ஓகஸ்ட் கடைசியில் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே போகிறது. ஆகவே மார்கழியில் தெற்கு விறாந்தையின் உள்ளே வரை வெயில் நுழையும். வடக்கு விறாந்தை நாள் முழுவதும் நிழலாயிருக்கும். ஆனியில் நிலைமை தலைகீழாகி, வடக்குப் பக்கத்துக்குக் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வரும். தையில் நிழலாக இருந்ததே என்று வடக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வைத்துவிட்ட பீஸ் லில்லி ஆனியில் கருகிப் போனதற்கு இதுவே காரணம் என்று ஒரு உறவினருக்கு விளக்கியிருக்கிறேன்.

எந்த மாதத்தில் வெளியே எடுப்பது?

ஐப்பசியில் காலபோக மழை தொடங்கி வானம் மூடியிருக்கும் நாட்களே சிறந்தவை. வெயில் தணிந்திருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், தண்ணீருக்கும் குறைவிராது. வன்னியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே பெய்வதால், அந்த மூன்று மாதங்களில் கன்று வேரூன்றித் தடித்த இலைகளை விட்டுவிடும். கோடை வரும்போது அது தாங்கிக்கொள்ளும்.

மிகவும் கடினமான காலம் வைகாசி முதல் புரட்டாதி வரை. சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) விடாமல் வீசி இலையிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இந்த மாதங்களில்தான் கன்று வாடுகிறதென்றால் மழை வரும்வரை காத்திருக்க முடியாது. விறாந்தையிலேயே, காற்று நேரே அடிக்காத மூலையில் வைத்துப் பாதுகாத்து, முற்றத்துக்குக் கொண்டுபோவதை மட்டும் ஐப்பசிக்குத் தள்ளிப்போடுங்கள்.

அடைமழை பெய்யும் நாட்களில் சாடியின் துளைகள் அடைபடவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். கூரைத் தண்ணீர் வழிந்து விழும் கோட்டில் சாடியை வைத்தால் மண் கரைந்து வேர் வெளியே தெரியும். புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் நமது கிழக்குக் கரையால் ஏறியபோது, வெளியே விட்ட சாடிகள் உருண்டு உடைந்ததைக் கண்டேன்.

வவுனியாவில் இருக்கிறோம். ஸ்பைடர் பிளான்ட், டிராசீனா இரண்டுக்கும் இலை நுனி மட்டும் கருகுகிறது. வெளியே வைத்தால் மாறுமா?

பெரும்பாலும் குறையும், ஆனால் இங்கே காரணம் ஒளி மட்டுமன்று. வவுனியாவின் பல கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் தண்ணீர் கடினமானது. புளோரைட்டும் கூடுதலாக உள்ளது. பிள்ளைகளின் பற்களில் கறை படிவதற்குக் காரணமான அதே புளோரைட்டு, நீரோடு சேர்ந்து இலை நுனிவரை போய் அங்கே தங்கிவிடுகிறது. டிராசீனாவும் ஸ்பைடர் பிளான்டும் இதை மற்றக் கன்றுகளைவிடக் குறைவாகவே தாங்கும். வீட்டுக்குள் இருக்கும் சாடிக்கு அளந்து அளந்து ஊற்றுவதால் உப்புகள் வெளியேறவே வழியில்லை. மண்ணின் மேலும் சாடியின் விளிம்பிலும் வெள்ளையாகப் படிவது அதுதான்.

மாரி மழை இந்த உப்பைக் கழுவி அடித்துளையால் வெளியேற்றுகிறது. வெளியே வைத்த கன்று தேறுவதில் மழைத் தண்ணீருக்கு உள்ள பங்கை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. பீலியில் விழும் மழைத் தண்ணீரை மூடியுள்ள பரலில் பிடித்து வைத்து, கோடையில் இந்த இரண்டு வகைக்கும் மட்டுமாவது அதை ஊற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் மாதத்துக்கு ஒருமுறை சாடியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். கடினமான தண்ணீராயிருந்தாலும் சேர்ந்த உப்பில் ஒரு பகுதியையாவது அது கரைத்துக்கொண்டு போகும். கருகிய நுனியைக் கத்தரிக்கோலால் இலையின் வடிவத்துக்கேற்ப வெட்டிவிடலாம்.

எல்லாக் கன்றுகளும் வெளியே தேறுமா?

துளசி, கறிவேப்பிலை, ரோசா, கற்றாழை, போகன்வில்லா ஆகியவை வெயிலுக்கே உரியவை. அவற்றை அறைக்குள் வைப்பதே தவறு. குரோட்டனும் பழகியபின் நல்ல வெயிலைத் தாங்கி நிறம் கொடுக்கும். மருள் (ஸ்னேக் பிளான்ட்) எங்கே வைத்தாலும் வாழும். இலங்கையின் உலர்வலயத்தில் இயற்கையாக உள்ள அதன் இனம் ஒன்று நமது பற்றைக் காடுகளில் தானாகவே வளர்கிறது.

அரிக்கா பாம் மடகாஸ்கரிலிருந்தும் மணி பிளான்ட் பசுபிக் தீவொன்றிலிருந்தும் வந்தவை. இவற்றுக்குச் சல்லடை நிழலும் ஈரமும் வேண்டும். பீஸ் லில்லியும் டிபன்பாக்கியாவும் அடர்ந்த நிழலைவிட்டு வெளியே வரக்கூடாது. அந்தூரியம் குறித்து ஒளிக்காமல் சொல்லவேண்டும். அது ஈரலிப்பான காட்டின் கன்று. மேல் மாகாணத்தில் தாராளமாகப் பூக்கும் அந்தக் கன்று இங்கே சோளகத்தில் இலை விளிம்பு கருகித் துன்பப்படும். கிணற்றடியில், வாழைகளுக்கு நடுவே வைத்தவர்கள் அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

மணி பிளான்டை வெளியே வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இலங்கை உட்பட வெப்பமான பல நாடுகளில் அது தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் படர்ந்து மரங்களை மூடுகிறது. அதைச் சாடியிலேயே வைத்திருங்கள். வெட்டிய கொடியை வாய்க்கால் கரையிலோ குளக்கட்டிலோ வீசாதீர்கள்.

வெளியே எடுக்கும்போதே சாடியை மாற்றிப் பசளையும் போடலாமா?

வேண்டாம். இடமாற்றமே கன்றுக்கு ஒரு அதிர்ச்சி. இரண்டு மூன்று புது இலைகள் வந்தபின் மேல்மண், மணல், கூட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து சாடியை மாற்றுங்கள். நமது செம்மண்ணை மட்டும் நிரப்பினால் ஈரத்தில் இறுகி, காய்ந்ததும் சாடிச் சுவரைவிட்டு விலகி நிற்கும். அழுகல் மணம் வரும் சாடிக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அதை உடனே கவிழ்த்து, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டுப் புது மண்ணில் வைக்க வேண்டும்.

வெளியே வைத்த மூன்றாம் நாளே இலை கொட்டுகிறது. செத்துவிட்டதா?

அநேகமாக இல்லை. ஆல், அரசு வகையைச் சேர்ந்த பைக்கஸ் இனம் இடம் மாறினாலே இலை கொட்டும். தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் பொறுத்திருங்கள். நமது வெப்பத்தில் மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் துளிர் வரும். பாம் வகைகளுக்கு இரண்டு மூன்று மாதங்கள் வேண்டும். புது இலை முன்பைவிடச் சிறிதாகவும் தடிப்பாகவும் சற்று வெளிறிய பச்சையாகவும் வந்தால் அதைக் குறையென்று எண்ணாதீர்கள். கன்று வெளியுலகுக்கு ஏற்ப இலை செய்யக் கற்றிருக்கிறது.

தண்ணீர் எவ்வளவு விடுவது?

வீட்டுக்குள் வாரம் ஒருமுறை கேட்ட கன்று, கோடையில் வெளியே தினமும் கேட்கும். ஆனாலும் நாட்கணக்கை நம்பாமல், விரலை இரண்டாம் மூட்டுவரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்படாவிட்டால் அடித்துளையால் வழியும்வரை காலையில் ஊற்றுங்கள். கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியும் பொலித்தீன் பையும் வெயிலில் தொட முடியாத அளவுக்குச் சுடும். வேர் உள்ளே வெந்துவிடும். அதனால் சாடியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வைத்து, சுற்றிவரத் தேங்காய்ப் பொச்சை அடுக்குங்கள். பொச்சை நனைத்துவிட்டால் பின்னேரம்வரை குளிர்ச்சியாக இருக்கும்.

வெளியே வைத்தால் பூச்சி, நுளம்பு, ஆடு, மாடு?

பஞ்சுபோல் ஒட்டும் வெள்ளைப் பூச்சி வீட்டுக்குள்தான் அதிகம் பெருகும். வெளியே மழையும் அதை உண்ணும் வண்டுகளும் பாதி வேலையைச் செய்துவிடும். மீதியைச் சவர்க்காரத் தண்ணீர் நனைத்த துணியால் துடைக்கலாம். ஆட்டுக்கு எட்டாமல் சாடியைக் கூரையில் தொங்கவிடுவதைத் தவிர வேறு வழி நான் காணவில்லை. டிபன்பாக்கியா, மணி பிளான்ட் ஆகியவற்றின் சாறு வாயையும் தொண்டையையும் எரித்து வீங்கச் செய்யும் என்பதால், சிறுபிள்ளைகளுக்கும் கன்றுகாலிகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

நுளம்பு விடயத்தில் கண்டிப்பு வேண்டும். சாடியின் கீழ்த் தட்டில் தேங்கும் தெளிந்த தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். வெளியே வைக்கும் சாடிக்குத் தட்டே தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

தேறிய பிறகு மறுபடி உள்ளே கொண்டுவரலாமா?

பொங்கலுக்கும் விருந்தினர் வரும் நாட்களுக்கும் நான்கைந்து நாள் கொண்டுவரலாம். அதற்கு மேல் விட்டால் பழைய கதைதான். ஒரே வகையில் இரண்டு சாடி வைத்துக்கொண்டு வாரத்துக்கு வாரம் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், நமது வீடுகளில் கன்றுக்கு உரிய இடம் விறாந்தை. போகிற வருகிற எல்லாரும் பார்ப்பதும் அங்கேதான்.

மீள்குடியேறிக் கட்டிய வீடு. வளவில் நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. நாங்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்வி என்னைத் தொடும் கேள்வி. 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது பலருடைய வளவுகளில் முன்பு நின்ற மாவும் பலாவும் இல்லை. வைத்த புது மரம் பெரிதாகும் முன் வீடு எழும்பிவிட்டது. உங்களுக்கு இப்போதைக்குக் கிழக்குச் சுவரோரமே இடம். முற்றத்தில் நான்கு தடி நட்டு, மேலே கிடுகை நெருக்கமின்றி, இடையிடையே வெளிச்சம் விழும்படி வேய்ந்தால், வேம்பின் நிழலுக்கு நிகரான நிழல் கிடைக்கும். பழைய கிடுகு உக்கினாலும் வீணாகாது; சாடி மண்ணின் மேல் மூடாக்காகப் போடலாம்.

அதோடு, வருகிற மாரியில் பந்தலுக்கு மேற்கே ஒரு பாகம் (இரு கையையும் விரித்த அளவு) விலகி முருங்கைத் தடி இரண்டும், வேலியோரம் சீமைக்கிளுவைக் கதியால் ஐந்தாறும் நடுங்கள். கார்த்திகை மழைக்குள் அவை வேர் ஓட்டிவிடும். அடுத்த கோடையிலேயே முருங்கை பின்னேர வெயிலை ஓரளவு மறைக்கும். வேம்பங் கன்று ஒன்றையும் அப்போதே வைத்துவிடுங்கள்; அது நிழல் தரும்வரை முருங்கை நிற்கும்.